ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ்

1987-இல் கோவை சிங்காநல்லூரில் நாங்கள் குடியேறிய லைன் வீட்டுக்கு மாத வாடகை 125 ரூபாய், அட்வான்ஸ் 500. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் சேர்ந்தது ஒரு வீடு. கடைசி வீட்டில் வீட்டுக்கார அம்மா. மில்லில் சம்பளம் போடும் நாள் அவருக்கும் தெரியும், வாடகை அதற்கு மறுநாள்தான். வாங்கியதும் நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி, நோட்டை எங்களிடமே தந்துவிடுவார். அதன் முதல் பக்கத்தில் "அட்வான்ஸ் 500" என்று ஒரு வரி. பத்திரம் என்று இருந்தது அவ்வளவுதான்.

அந்த வரிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், வீட்டுக்கார அம்மாவின் ஊர்க்காரர். "நம்ம பையந்தானுங்க, நானாச்சு" என்று அவர் சொன்ன பிறகே சாவி கைக்கு வந்தது. வாடகை நின்றுபோனால் அந்த அம்மா முதலில் கேட்டிருக்கப்போவது அவரைத்தான். 500 ரூபாய் ஓர் அடையாளம். உண்மையான ஈடு அவருடைய வாக்கு.

2003-இல் வீட்டைக் காலி செய்தபோது, சுண்ணாம்புச் செலவு என்றுகூடப் பிடிக்காமல் அந்த 500-ஐ வீட்டுக்கார அம்மா முழுதாகத் தந்தார். குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் கணக்கு ஒன்று உண்டு. கொடுத்த நாளில் அந்தப் பணத்துக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாம். திரும்பி வந்த நாளில் ஒரு கிராமுக்கே போதவில்லை. அட்வான்ஸுக்கு வட்டி கிடையாது என்பது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்கா மகன் குடிபோனது சரவணம்பட்டியில். பீளமேட்டில் 2010-இல் டைடல் பார்க் வந்தது. ஐ.டி. வேலை சரவணம்பட்டி, கீரணத்தம் வரை பரவ, மில்காரர்களின் ஊர் மென்பொருள்காரர்களின் ஊராகவும் ஆனது. இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 14,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். ஏழு மாத வாடகைக்கும் மேல். வீட்டைக் காட்டியவர் புரோக்கர். அவருக்கு ஒரு மாத வாடகை தனி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவு வேண்டும் என்பதால் ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. வீடு பார்க்கப் போனபோது அக்கா கேட்டது மட்டும் மாறவில்லை: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?"

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டமும் மாறியிருக்கிறது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது; காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தரவும் சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆனால் மூன்று மாதம் என்ற அந்த வரம்பு, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரைதான். சாவிக்காக நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்? 42,000 போதும் என்ற இடத்தில் ஒரு லட்சம் கேட்க முடிவது அதனால்தான். இது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் வீட்டை விடுகிறார். பரிந்து பேச ஆள் இல்லாத இடத்தைப் பணம் நிரப்புகிறது. பழைய வாக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாதவர்களுக்கு எங்கள் லைனில் கதவு திறந்ததே இல்லை. அவர்களுக்காக "நானாச்சு" என்று சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் ஒழியவில்லை. ஆனால் பணத்தை மட்டும் பார்த்துச் சாவி தரும் வீடுகள் இப்போது இருக்கின்றன. வெளியூர்க்காரர்களும் தனியாக வேலைக்கு வந்த பெண்களும் அவற்றில் குடியிருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

அக்கா மகன் போன மாதம் வீடு மாறினான். கிளம்புமுன் ஒவ்வொரு சுவரையும், ஆணி அடித்த ஓட்டைகள் உட்பட, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை 14,000, கரண்ட் பில் 1,850 பிடித்ததுபோக 84,150 வர வேண்டும். 50,000 அன்றைக்கே வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. மீதி, அடுத்து குடிவருபவர் அட்வான்ஸ் கொடுத்ததும் என்றார்கள். ஒரு மாதம் தாண்டி இரண்டு நாள் ஆகிறது.

"நேர்ல போயிக் கேட்டாத்தான் என்ன கண்ணு?" என்றாள் அக்கா.

"எங்க போறதும்மா? அவரை நான் பார்த்ததே இல்லை" என்றான். மூன்று வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தவன் அவன்.