மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி?



வீட்டின் முன்கூடத்திலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலே சிறு கற்கள், இரண்டொரு நீர்ச்செடிகள், ஏழெட்டு மீன்கள். முதல் வாரம் வீட்டார் அனைவரும் அதனைச் சுற்றியே நிற்பர். இரண்டாம் வாரத்திலே ஒரு காலை, "மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே" என்று குழந்தை ஓடிவரும். மாலைக்குள் ஒன்று செத்து மிதக்கும், மறுநாள் மற்றொன்று. நீரோ பளிங்கு போலத் தெளிந்திருக்கும். தெளிந்த நீரிலே மீன் சாவானேன்?

மீனின் செவுள் வழியாக அமோனியா என்னும் நஞ்சு ஓயாது நீரிற் கலக்கின்றது. தின்னாது மிஞ்சி அழுகும் இரையும் அதனையே தருகின்றது. குளத்திலே நீர்ப்பெருக்கம் அதனை ஐதாக்கிவிடும். 60 லீற்றர்த் தொட்டியிலே அதற்குப் போக்கிடம் இல்லை. ஆயினும் இயற்கை இதற்கொரு வழி வைத்திருக்கின்றது. ஒருவகைப் பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. வேறொரு வகை, நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இடையில் வரும் நைத்திரைற்றும் கொடியதே. கடைசியில் நிற்கும் நைத்திரேற்று, அளவோடிருக்கும்வரை, பெரும்பாலான மீன்களை வருத்துவதில்லை. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் அதுவும் குறைந்துவிடும்.

ஆகவே வடிகட்டியை அழுக்கு பிடிக்கும் சல்லடையென்று மாத்திரம் எண்ணலாகாது. அது இந்த நுண்ணுயிர்கள் பற்றிக்கொண்டு வாழும் வீடு. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ள இடமும், பிராணவாயு நிறைந்த நீரோட்டமும் வேண்டும். வடிகட்டியைத் தெரிவு செய்யும்போது கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

கடையிலே பலவகை காணலாம். கற்களுக்கு அடியிற் பதிக்கும் தட்டு உண்டு. காலப்போக்கில் அதன் கீழே சேறு தங்கும், எடுத்துக் கழுவுவதானால் தொட்டியையே கலைக்கவேண்டும். தொட்டியின் விளிம்பிலே தொங்குவது நன்று. மணிக்குத் தொட்டி நீரின் நாலைந்து மடங்கை ஓட்டவல்லதாயிருந்தாற் போதும். வெளியே பெட்டிபோல் நிற்பது பெருந்தொட்டிகளுக்கு உரியது; விலையும் அதற்கேற்றதே.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஸ்பொஞ் வடிகட்டியே. காற்றுப் பம்பியிலிருந்து வரும் குமிழிகள் மேலெழும்போது, ஸ்பொஞ்சின் ஊடாக நீர் இழுக்கப்படுகின்றது. பார்வைக்கு அழகில்லை; மெல்லிய தூசியையும் முழுதாகப் பிடிக்காது. ஆனால் கப்பிக் குஞ்சுகளை விழுங்காது. நமது தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய செரி பார்ப் போன்ற, மெல்லோட்டத்தை விரும்பும் மீன்களையும் அலைக்கழிக்காது. மிகுதியாகக் கழிக்கும் பொன்மீனுக்கு மட்டும் இது போதாது. உங்கள் தொட்டியைவிடச் சற்றுப் பெரிய தொட்டிக்கென விற்பதையே வாங்குங்கள்.

வாங்கியவுடன் மீனை விடுதல் கூடாது. பக்டீரியா பெருகப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை தினமும் சிறிதளவு இரையை இட்டு அழுகவிடுங்கள். பரிசோதனை மருந்திலே அமோனியா தோன்றிப் பின்னர் அதுவும் நைத்திரைற்றும் பூச்சியமான பின்பே மீன்களை, அதுவும் சிலசிலவாக, விடுங்கள். நோயற்ற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பொஞ் ஒன்று கிடைத்தால் இக்காலம் வெகுவாகச் சுருங்கும்.

ஸ்பொஞ்சைக் குழாயின் கீழ்ப் பிடித்துப் பளிச்செனக் கழுவுவது பலரும் செய்யும் பிழை. குழாய் நீரிலுள்ள குளோரீன் பக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியிலிட்டு, அதிலே இரண்டு மூன்று முறை பிழிந்தெடுத்தாற் போதும். அது பழுப்பாகவே இருக்கட்டும். தொட்டிக்கு ஊற்றும் புதுக் குழாய்நீருக்கும் குளோரீன் நீக்கும் மருந்திடுங்கள்.

பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே பின்னோக்கி வந்து பம்பியிற் புகக்கூடும். மின்வெட்டு நீண்டால் ஸ்பொஞ்சிலுள்ள உயிர்களும் மூச்சடைத்து மடியும். மின்கலத்தில் இயங்கும் சிறு பம்பியொன்று கைவசம் இருந்தால், அதே காற்றுக்குழாயை அதிலே மாட்டிவிடலாம்.