மணலுக்கு அடியில் தெரிந்த கோடுகள்

சூடானில் நைல் நதி போகும் போக்கு விசித்திரமானது. கார்ட்டூமிலிருந்து வடக்கே ஓடிவரும் நதி, அபு ஹமது என்ற ஊரருகே தென்மேற்காகத் திரும்பி, வந்த திசைக்கே போவதுபோல் நெடுந்தூரம் ஓடுகிறது. பிறகுதான் மறுபடியும் வடக்கே வளைகிறது. இந்தப் பெருவளைவுக்குக் காரணம் பழம்பாறைகளின் அமைப்பில் இருந்தது. அதில் பெரும்பகுதியைப் பாலைமணல் மூடியிருந்தது.

1994 ஏப்ரலிலும் அக்டோபரிலும் எண்டெவர் விண்ணோடம் ஒரு ரேடாரைச் சுமந்து பூமியைச் சுற்றியது. ரேடாருக்குச் சூரிய ஒளி வேண்டாம். தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்யும். இரவும் மேகமும் தடையில்லை. கரடுமுரடான பாறை அலைகளைச் சிதறடித்து ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதால் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். சமமான மணல்பரப்பு கறுத்துத் தெரியும். மணலில் ஈரமே இல்லாவிட்டால், ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் நீள அலை ஓரிரு மீட்டர் ஊடுருவி, அடியிலுள்ள பாறையைத் தொட்டுத் திரும்பும். 1981-இல் கொலம்பியா விண்ணோடத்தின் ரேடார், எகிப்து-சூடான் எல்லைப் பாலைவனத்தில் புதைந்துபோன ஆற்றுப்படுகைகளைக் காட்டியது இப்படித்தான்.

எண்டெவர் எடுத்த படங்களை ஆராய்ந்த ராபர்ட் ஸ்டெர்னும் முகமது அப்தெல்சலாமும் 1996-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பெருவளைவுப் பகுதியில் நதி பல இடங்களில் பழம்பாறைகளின் பிளவுகளைப் பின்பற்றியே ஓடுகிறது; நிலம் மேலெழும்பியதும் அதன் போக்கைத் திருப்பியிருக்கிறது.

இந்தப் பிளவுகள் படத்தில் கோடுகளாக எடுப்பாகத் தெரிவதற்கு ரேடாரின் சாய்ந்த பார்வையே முக்கியக் காரணம். மாலை வெயில் வயல் வரப்பின் நிழலை நீட்டிக் காட்டுவதுபோல, பக்கவாட்டிலிருந்து வரும் அலை சிறு மேட்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் அலை வரும் திசைக்குக் குறுக்கே ஓடும் பிளவுதான் பளிச்சென்று தெரியும். அதே திசையில் ஓடும் பிளவு மறைந்துபோகும். துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் கிழக்கு அல்லது மேற்கு நோக்கியே பார்ப்பதால், கிழக்கு-மேற்காக ஓடும் பிளவுகள் அந்த இரு திசைப் படங்களிலும் நழுவிவிடலாம். இந்தக் குறையை மறந்து வரையும் வரைபடத்தை நம்பக் கூடாது என்பேன். சாலை, கால்வாய், வேலி ஆகியவையும் நேர்கோடாகவே தெரியும் என்பதால் அவற்றைக் கழித்தாக வேண்டும்.

இத்தகைய கோடுகள் நமக்கும் உதவும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். அங்கே ஆழத்தில் நிலத்தடி நீர் விரிசல்களில்தான் தேங்குகிறது. நம் மண்ணில் ஈரம் உண்டு, ரேடாரால் ஆழம் பார்க்க முடியாது. மேற்பரப்பில் தெரியும் கோடுகளே துப்பு. 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் செயற்கைக்கோளில் நீள அலை ரேடாரும் இருக்கிறது. நிலவியல் மாணவர்கள் தங்கள் மாவட்டத்துப் படங்களை எடுத்து, கோடுகளை வரைந்து, களத்தில் நடந்து சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் குறிக்கலாம்.