மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வீட்டு பம்பளிமாஸ் சாப்பிடலாமா?

‘தாம்பரம் அருகே சேலையூரில் வசிக்கிறோம். என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. தோட்டத்தில் பம்பளிமாஸ் காய்த்துத் தொங்குகிறது. மருந்து அடிக்காத பழம்தானே, கொடுக்கலாமா?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம். இயற்கை முறையில் விளைந்த பழமாக இருந்தாலும் இதே பதில்தான். மருந்தின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பழத்தையும் மண்ணையும் பற்றி, வேளாண்மை படித்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

2008-ல் திருக்கழுக்குன்றம் மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தனர். அதன் பிறகு தமிழகத்தில் உறுப்பு தானம் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. இன்று மாற்று உறுப்போடு வாழ்பவர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். புதிய உறுப்பை ‘அந்நியப் பொருள்’ என்று நினைத்து உடல் தாக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகளை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

இந்த இரண்டு மருந்துகளும் மண் தந்தவை. டாக்ரோலிமஸ், 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரியில் கண்டறியப்பட்டது. சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து கிடைத்தது.

பழம் என்ன செய்கிறது?

நம் குடலில் உள்ள ஒரு நொதி, இந்த மருந்தின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் மருத்துவர் அளவு குறிக்கிறார். பம்பளிமாஸ், அதன் உறவான கிரேப் ஃப்ரூட், கசப்பு ஆரஞ்சு ஆகியவற்றில் உள்ள சில பொருள்கள் அந்த நொதியை முடக்கிவிடும். அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் சேரும் மருந்து கூடிவிடும். கூடினால் சிறுநீரகமே பாதிக்கப்படும். கை நடுக்கமும் வரலாம். ‘காலையில் மாத்திரை, மாலையில் பழம்’ என்று பிரித்துக் கொடுத்தாலும் பயனில்லை. முடங்கிய நொதி மீண்டும் உருவாக ஓரிரு நாள்கள் ஆகும்.

நாரத்தை, கிச்சிலி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறு பழங்களைக் குறிக்கின்றன. எனவே, மருத்துவரைக் கேட்காமல் அவற்றின் ஊறுகாயும் வேண்டாம்.

இவற்றிலும் கவனம்

* இளநீர், வாழைப்பழம்: இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். இந்த மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவே சரி.

* ஸ்டார் ஃப்ரூட்: மாடித்தோட்டங்களில் இப்போது பலரும் வளர்க்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது நஞ்சாகவே மாறும். அறவே தவிர்க்கவும்.

* மஞ்சள்: சமையலில் போடும் சிட்டிகை மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் மாத்திரையும், கரண்டிக் கணக்கில் பொடி குடிப்பதும் கூடாது.

* சீந்தில், அமுக்கரா: ‘எதிர்ப்பு சக்தி கூடும்’ என்று சொல்லி விற்கப்படுபவை. இவர்கள் மாத்திரை சாப்பிடுவதே அந்தச் சக்தியைக் குறைத்து வைக்கத்தான். தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்கள், மாற்று உறுப்பு பெற்றதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, கழுவாத கீரை: கிருமித் தொற்றுக்கு வழி. வேண்டாம்.

தோட்ட வேலை

மட்கிய உரக்குவியலைக் கிளறும்போது பூஞ்சை வித்துகள் பறக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவரின் நுரையீரலில் அவை தங்கினால் ஆபத்து. உரம் கிளறுவது, சாணம் அள்ளுவது, பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் கரைப்பது ஆகியவற்றை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். மருத்துவர் அனுமதித்த பிறகு, கையுறை, முகக்கவசம், செருப்போடு செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், காய் பறிக்கலாம்.

மாத்திரை நேரம்

டாக்ரோலிமஸை ஒருநாள் வெறும் வயிற்றிலும், மறுநாள் நெய்ப் பொங்கலுக்குப் பிறகும் சாப்பிட்டால் உடலில் சேரும் அளவு மாறும். பொதுவாக உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ சாப்பிடச் சொல்வார்கள். எப்படிச் சொன்னார்களோ, தினமும் அப்படியே செய்யுங்கள். மருந்தளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை.

உங்கள் கணவர் ஏற்கெனவே பம்பளிமாஸ் சாப்பிட்டிருந்தால், மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மாத்திரை நின்றால் உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரித்துவிடும். இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. இந்த மாத்திரைகளோ, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு மாத்திரைகளோ சாப்பிடாத அக்கம்பக்கத்தினருக்குப் பழத்தைக் கொடுங்கள்.