பெட்ரோல் இறங்கும் வழி

ஞாயிறு விடியலில் பெங்களூருவிலிருந்து நந்தி மலைக்குக் கிளம்பும் வண்டிகளுக்கு நடுவே பழைய யெஸ்டி பைக் ஒன்று படபடத்துப் போவதைப் பார்க்கலாம். ஜாவா, யெஸ்டி வண்டிகளை மைசூருவில் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. நடுவழியில் நின்றாலும் ஓட்டுபவரே கைவைத்துச் சரிசெய்யக்கூடிய எளிய அமைப்பு அவற்றுக்கு உண்டு.

இவற்றில் பம்ப் கிடையாது. மேலே டேங்க், கீழே கார்புரேட்டர். பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. எனவே பழுதையும் மேலிருந்து கீழாகத் தேட வேண்டும்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை இருக்கும். தூசி அதை அடைத்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடித் திணறி நிற்கும். சற்று ஓய்ந்தபின் மறுபடி கிளம்பும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அந்தத் துளைதான்.

அடுத்து டியூப். எஞ்சின் ஆறட்டும்; பக்கத்தில் நெருப்பு கூடாது. டேங்கின் அடியிலுள்ள டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் முனையில் டியூபைக் கழற்றி பாட்டிலுக்குள் பிடித்து, டேப்பைத் திறங்கள். தாரையாகக் கொட்டினால் அதுவரை வழி சரி. சொட்டினால் டேப்பின் வடிகட்டியில் துரு அடைத்திருக்கலாம்.

பிறகு கார்புரேட்டரின் கிண்ணம். மாடித் தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் பந்து போல இதிலும் ஒரு மிதவை உண்டு. அது சிக்கினால் பெட்ரோல் வழியும், அல்லது வராமலே போகும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் பல நேரம் விடுபடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் சேர்ந்தால் கிண்ணத்தின் அடியில் தங்கும். அதை வடித்துவிட வேண்டும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட் அடைத்திருந்தால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அதன் பித்தளைத் துளையில் ஊசி விட்டால் துளை அகன்று, அளவு கெட்டுவிடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். அழுத்தம் நிறைந்த அவற்றின் டியூபைச் சாலையோரத்தில் கழற்ற வேண்டாம்.

நெடும்பயணத்துக்கு ஓர் அடி டியூப், ஸ்க்ரூடிரைவர், ஒரு காலி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றால், கிக்கரை உதைத்துக் களைப்பதற்கு முன் டேங்க் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.