கொக்கின் காலும் புள்ளி நாயும்

பதிவு பெற்ற வளர்ப்பாளர் ஒருவரிடம் 'ஜாதி' நாய்க்குட்டி ஒன்றை விலைக்கு வாங்கினால், குட்டியோடு ஒரு தாளும் கைக்கு வரும். அதற்குப் 'பெடிகிரி' சான்றிதழ் என்று பெயர். தமிழில் வம்சாவளிப் பத்திரம் எனலாம். குட்டியின் இனம், பிறந்த தேதி, நிறம், பதிவு எண் ஆகியவற்றோடு அதன் தாய் தந்தையர், அவற்றின் பெற்றோர், அவற்றுக்கும் பெற்றோர் என்று கிளை கிளையாகப் பெயர்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று தலைமுறை காட்டும் பத்திரம் என்றால் 2 + 4 + 8, ஆக 14 பெயர்கள். ஐந்து தலைமுறை என்றால் 62 பெயர்கள். நம்மில் எத்தனை பேரால் நம்முடைய கொள்ளுத் தாத்தாக்கள் நால்வரின் பெயரையும் தடங்கலின்றிச் சொல்ல முடியும்?

பெடிகிரி என்ற சொல்லின் பிறப்பும் சுவையானது. பழைய பிரெஞ்சு மொழியில் 'கொக்கின் கால்' என்று பொருள்படும் தொடரிலிருந்து அது வந்தது. வம்சாவளி எழுதும்போது ஒருவர் பெயரிலிருந்து பிரித்துப் போடும் கோடுகள், ஈர மண்ணில் பதிந்த கொக்கின் கால்தடம் போல் தோன்றின.

இந்தப் பத்திரத்தை நம்பித்தான் குட்டிக்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கிறோம். பத்திரம் இருந்தால் நாய் நல்ல நாய், நோய் நொடி அண்டாது என்று பலர் எண்ணுகின்றனர். பத்திரம் உண்மையில் எதற்குச் சாட்சி சொல்கிறது? முன்னோர் யார் என்பதற்கு. அந்த முன்னோர் எந்தெந்த ஜீன்களைக் கொடுத்துவிட்டுப் போயின என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை ஓர் இன நாயின் வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. அதற்குள் நுழையுமுன் சிறிது மரபியல் பார்ப்போம்.

மூடப்பட்ட ஏடு

நாய்களுக்கென்று வம்சாவளி ஏடு வைத்துக்கொள்ளும் வழக்கத்தை முறைப்படுத்தியது 1873-இல் லண்டனில் தொடங்கப்பட்ட கென்னல் கிளப். அமெரிக்கக் கென்னல் கிளப் 1884-இல் தோன்றியது. நம் நாட்டில் இப்பணியைச் செய்யும் இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. இவற்றின் அடிப்படை விதி எளியது. தாயும் தந்தையும் ஒரே இனத்தில் பதிவானவையாக இருந்தால்தான் குட்டிக்கு ஏட்டில் இடம் உண்டு.

இதனால் இனத்தின் உருவம் மாறாமல் காக்கப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வரத்துக் கால்வாயை அடைத்துவிட்ட ஏரிக்குப் புதுநீர் வராது. இருக்கும் நீர்தான் சுற்றிச் சுற்றி வரும். ஏடு மூடப்பட்ட இனத்திலும் அப்படியே. போதாக்குறைக்கு, கண்காட்சியில் பரிசு வாங்கிய ஓர் ஆண் நாயையே எல்லோரும் தேடிப் போவார்கள். அதற்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறக்கும். சில தலைமுறைகளில் அந்த இனத்தில் யாருக்கு யார் உறவில்லை என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும்.

மெண்டலின் பட்டாணிச் செடிகளை வகுப்பில் படித்திருப்பீர்கள். நாயின் ஒவ்வொரு உடற்செல்லிலும் 39 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. ஆகவே பெரும்பாலான ஜீன்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒடுங்கு பண்பாக வரும் ஒரு நோயில், பழுதுபட்ட பிரதி ஒன்று மட்டும் இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆவதில்லை. நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இத்தகைய நாயைக் 'கடத்தி' என்பர். இரண்டு பிரதிகளும் பழுதாக அமைந்தால்தான் நோய் வெளிப்படும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பரிசு பெற்ற ஆண் நாய் ஒன்று, கண்பார்வையைக் கெடுக்கும் ஒடுங்கு ஜீனுக்குக் கடத்தி என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு தாய்களிடம் அதற்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறக்கின்றன. தாய்கள் இரண்டும் பழுதற்றவை. மகன் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 1/2, மகளுக்கும் 1/2. இவ்விரண்டையும் இணை சேர்த்தால், கடத்திகள் இரண்டு கூடும்போது நோயுள்ள குட்டி பிறக்கும் வாய்ப்பு 1/4 ஆதலால், மொத்த வாய்ப்பு 1/2 × 1/2 × 1/4 = 1/16. அதே மகனை உறவில்லாத ஒரு பெண் நாயோடு சேர்த்தால்? அந்த இனத்தில் நூற்றுக்கு ஒன்று கடத்தி எனக் கொண்டால், 1/2 × 1/100 × 1/4 = 1/800. ஐம்பது மடங்கு வேறுபாடு! குட்டி பத்திரத்தோடுதான் பிறக்கும், இரண்டு வகையிலும்.

இந்த நெருக்கத்தை எண்ணால் அளக்க அமெரிக்க மரபியலறிஞர் சீவால் ரைட் 1922-இல் ஒரு வழி சொன்னார். அதற்கு உட்கலப்புக் கெழு என்று பெயர். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவை கூடினால் அது 25 சதவீதம். தந்தை மட்டும் ஒன்றாயின் 12.5, ஒன்றுவிட்ட சகோதர முறையானால் 6.25. பத்திரத்தில் ஒரே பெயர் தாய் வழியிலும் தந்தை வழியிலும் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கொக்கின் கால் அதற்குத்தான் நன்றாகப் பயன்படுகிறது.

புள்ளி நாயின் குறை

வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல இருக்கும் டால்மேஷியன் நாயைப் படத்திலாவது பார்த்திராதவர் இல்லை. இந்த நாயின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிக அதிகம்.

செல்களிலுள்ள நியூக்ளிக் அமிலங்கள் சிதையும்போது பியூரின் என்னும் பொருள்களிலிருந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. மற்ற நாய்களின் கல்லீரலில் யூரிகேஸ் என்ற நொதி அதை அலண்டாயின் என்னும் பொருளாக மாற்றிவிடும். அலண்டாயின் நீரில் எளிதில் கரைவதால் தொல்லை இல்லை. மனிதர்களாகிய நமக்கு இந்த நொதி கிடையாது. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுகளில் படிகமாகத் தங்கினால் 'கௌட்' என்னும் மூட்டு வலி வருவது அதனால்தான். டால்மேஷியனின் கல்லீரலிலோ நொதி இருக்கிறது! யூரிக் அமிலம் செல்லுக்குள் நுழையும் வழிதான் பழுது. ஆலையில் இயந்திரம் நன்றாக இருந்தும், கரும்பு வண்டி உள்ளே வரும் வாயிற்கதவு திறக்காத கதை இது. அதே கதவு சிறுநீரகத்திலும் வேலை செய்யாததால், இரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய யூரிக் அமிலமும் சிறுநீரோடு போய்விடுகிறது.

சிறுநீரில் அது உப்பாகப் படிந்து கற்களாகும். எல்லா டால்மேஷியன்களுக்கும் கல் உண்டாகும் என்பதில்லை. உண்டானால், ஆண் நாய்க்குத்தான் ஆபத்து அதிகம். அதன் சிறுநீர்ப் புறவழி நீண்டு குறுகியது. கல் அங்கே சிக்கி அடைத்துக்கொண்டால் நாய் துடிதுடித்துப் போகும். உடனே சிகிச்சை தராவிட்டால் சில நாட்களில் இறந்துவிடும். ஈரல் போன்ற பியூரின் மிகுந்த இறைச்சியைத் தவிர்ப்பது, நிறையத் தண்ணீர் குடிக்க வைப்பது, தேவையானால் மருந்து தருவது என்று வாழ்நாள் முழுதும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதுவும் ஒடுங்கு பண்பே. அப்படியானால் உறவில்லாத, பழுதில்லாத டால்மேஷியனாகப் பார்த்து இணை சேர்த்தால் தீர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். இங்கேதான் முடிச்சு. பழுதற்ற டால்மேஷியன் ஒன்றுகூட இல்லை! ஏட்டில் பதிவான அத்தனை தூய டால்மேஷியன்களும் பழுதுபட்ட ஜீனை இரண்டு பிரதிகளாகவே கொண்டிருந்தன. பெரிய, தெளிவான புள்ளிகளை விரும்பிப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்தபோது, அதன் கூடவே இந்தப் பழுதும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். நல்ல பிரதி வேண்டுமானால் வேறோர் இனத்திடம்தான் கடன் வாங்க வேண்டும். வாங்கினால் ஏட்டில் இடமில்லை.

ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலறிஞர் அந்தக் கடனை வாங்கினார். 1973-இல் ஒரு டால்மேஷியனையும், பாயிண்ட்டர் என்ற வேட்டை இன நாயையும் இணை சேர்த்தார். பிறந்த குட்டிகள் அனைத்துக்கும் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதுபட்ட பிரதி. நல்லது ஓங்கு பண்பாதலால் யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. ஆனால் புள்ளிகள் டால்மேஷியனுடையவை போல் தெளிவாக இல்லை. அதற்காக அவர் மனம் தளரவில்லை. குட்டி ஒன்றை மீண்டும் தூய டால்மேஷியனோடு சேர்த்தார். இது பிற்கலப்பு. பிறந்தவற்றில் ஏறக்குறையப் பாதிக்கு நல்ல பிரதி இருக்கும். யூரிக் அமிலத்தை அளந்து பார்த்து அவற்றைப் பொறுக்கினார். மறுபடியும் டால்மேஷியன், மறுபடியும் பொறுக்கல். பாயிண்ட்டரின் பங்கு 1/2, 1/4, 1/8, 1/16 எனத் தேய்ந்து ஐந்தாம் தலைமுறையில் 1/32 ஆயிற்று. அதாவது நூற்றில் மூன்று. பார்வைக்கு அசல் டால்மேஷியன். சிறுநீரோ மற்ற நாய்களின் சிறுநீர்.

1981-இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இவற்றுள் இரண்டைப் பதிவு செய்தது. உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. டால்மேஷியன் வளர்ப்போர் சங்கத்தினர் கலப்பு நாயை ஏற்கமாட்டோம் என்றனர். அவற்றின் வழிவந்த நாய்களுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. ஷைபிளும் வேறு சிலரும் ஏட்டுக்கு வெளியிலேயே அந்த வம்சத்தைத் தொடர்ந்து காத்து வந்தனர். 2008-இல் பழுதின் இருப்பிடம் எஸ்.எல்.சி.2.ஏ.9 என்ற ஜீன் எனக் கண்டறியப்பட்டது. அதன்பின் சிறுநீரை அளக்க வேண்டிய தேவையும் இல்லை, டி.என்.ஏ. சோதனை ஒன்றே போதும். 2010-இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் அந்த வம்சத்துப் பெண் நாய் ஒன்றைப் பதிவு செய்தது. 2011-இல் அமெரிக்காவும் வழிவிட்டது. முதல் கலப்பு நடந்து 38 ஆண்டுகள்! அதற்குள் கல் அடைத்து எத்தனை நாய்கள் துன்புற்றனவோ. அந்த நாய்களின் வம்சாவளிப் பத்திரங்களில் ஒரு குறையும் இருந்திருக்காது.

ஏடு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஏடு இருந்ததால்தான் எந்த நாயின் குட்டி எது என்று ஷைபிளாலும் தொடர முடிந்தது. டால்மேஷியன் குட்டி வாங்குவோர் அந்த டி.என்.ஏ. சோதனை முடிவையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

வாங்கும் முன்

நம் நாட்டில் 'பதிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இது வளர்ப்பவருக்கான பதிவு. கென்னல் கிளப்பில் செய்வது நாய்க்கான பதிவு. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் அந்த விதிகள் இடம் தருவதில்லை. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கழிக்கும் அந்த வாரங்களில்தான் குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பது போன்ற பாடங்களைக் கற்கிறது.

லாப்ரடார், அல்சேஷன் போன்ற பெரிய நாய்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை பரவலாக உண்டு. இது ஒரே ஜீனால் வருவதன்று. பல ஜீன்களும் உணவும் உடல் எடையும் சேர்ந்து வருவது. ஆகவே குட்டியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தாய் தந்தையரின் இடுப்பை எக்ஸ்-ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கான சான்று 24 மாதம் நிறைந்த நாய்க்கே தரப்படுகிறது. லாப்ரடாரில் விழித்திரை மெல்ல மெல்ல அழியும் ஒரு நோய்க்கு டி.என்.ஏ. சோதனை உள்ளது. பெற்றோரில் ஒன்று கடத்தி எனத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். மற்றது பழுதற்றதாயின் ஒரு குட்டிக்கும் அந்நோய் வராது. கடத்திகள் அனைத்தையும் ஒதுக்கிவிடுவது ஏரி நீரை இன்னும் வற்றச் செய்யும் வேலை.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிப்பவரிடம் குட்டி வாங்காமலிருப்பது நல்லது.

வெள்ளை நிறக் குட்டியானால் காதையும் கவனிக்க வேண்டும். உட்செவி நன்றாக இயங்க நிறமிச் செல்கள் தேவை. சருமத்தில் நிறமி இல்லாதபோது சில நாய்களின் உட்செவியிலும் அது இல்லாமல் போகும். அவ்வாறானால் பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில் நூற்றுக்கு 30 அளவில் ஒரு காதோ இரு காதுமோ கேளாதவை. யூரிக் அமிலப் பழுது நீங்கிய வம்சத்துக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. அது வேறு ஜீன்களின் வேலை. நம் இராஜபாளையம் நாய்களிலும் காது கேளாமை காணப்படுவதுண்டு. குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது வழக்கம். இரு காதும் கேளாத குட்டியை இதில் கண்டுகொள்ளலாம். ஒரு காது கேட்டாலே குட்டி விழித்துவிடுமாதலால், மற்றக் காதின் நிலை தெரியாது. அதற்குத் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, ஒலிக்கு மூளை காட்டும் மின்துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை இருக்கிறது. ஐந்து, ஆறு வாரக் குட்டிக்கே இதைச் செய்யலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறவிக் குறையைக் கண்டறிய வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதுமானது.