உங்களுக்குத் தெரியுமா? தூரிகை படாத மர ஓவியம்

மைசூர் மரப் பதிப்பு ஓவியத்தில் யானையும் வயலும் நிறம் பெறுவது மரத்திலிருந்தே. மஞ்சளுக்குப் பலா, கருமைக்கு ஈட்டி. வானத்துக்கும் தண்ணீருக்கும் மரத்தின் ரேகை ஓடும் திசையைப் பார்த்துத் துண்டுகளைப் பொறுக்குவார்கள். பாதித் திறமை இந்தப் பொறுக்கலில்தான் இருக்கிறது. மெல்லிய பலகைகளை வரைபடத்துக்கேற்ப நுண்ரம்பத்தால் அறுத்து, ஈட்டிப் பலகையில் அதே வடிவத்தில் குழி செதுக்கி, பசையிட்டுப் பதிப்பார்கள். பிறகு உப்புத்தாள், மெருகு.

15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் செழித்த இன்டார்சியா இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அங்கே தேவாலயத்து இருக்கைகளில்கூட வெவ்வேறு நிற மரத்துண்டுகளைச் சேர்த்தே படம் அமைத்தார்கள்.

தோதகத்தி என்றும் சொல்லப்படும் ஈட்டி, பாலக்காடு, இடுக்கி மலைக்காடுகளிலும் வளர்வது. முற்ற நெடுங்காலம் பிடிக்கும். இன்று அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மைசூர் அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்து ஈட்டிக் கதவில் தந்தம் பதித்திருக்கிறார்கள். தந்த வணிகத்துக்குத் தடை வந்தபின் வெள்ளைக்குப் பிளாஸ்டிக் வந்தது. கண்ணுக்குச் சற்று நஷ்டம்தான், யானைக்கு லாபம்!