மாணவர் எழுதிய கடல் கணக்கு

"கடலை ஆராய்வது பெரிய விஞ்ஞானிகளின் வேலை, நம் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எட்டுமா?" என்று பெற்றோர் சிலர் எண்ணலாம். மாணவர்கள் கப்பலேறிச் செய்த ஓர் ஆராய்ச்சியை இன்று காண்போம்.

1971-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கடற்கல்விச் சங்கம், கல்லூரி மாணவர்களைப் பாய்மரக் கப்பல்களில் அழைத்துச் சென்று கடலியல் கற்பித்தது. அக்கப்பலில் மாணவர் வெறும் பயணியல்லர். முறைவைத்து இரவும் பகலும் கண்விழிக்க வேண்டும். பாய்களை இழுத்துக் கட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்ய வேண்டும்.

அவ்வேலைகளில் ஒன்று வலையிழுப்பு. வலையின் வாய் 1 மீட்டர் அகலம். அதன் கண்ணோ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். கப்பல் மெதுவாக நகர, அரைமணி நேரம் அதைக் கடலின் மேற்பரப்பில் இழுப்பார்கள். அகப்பட்ட பிளாஸ்டிக் துணுக்குகளைச் சாமணத்தால் பொறுக்கி எண்ணுவார்கள். இடம், நாள், நேரம் யாவும் குறிப்பேட்டில் ஏறும். ஒன்றும் அகப்படாவிட்டால் சுழியம் என்று எழுத வேண்டும். அதுவும் ஒரு செய்திதான்!

1986 முதல் 2008 வரை, ஏறத்தாழ 7,000 மாணவர்கள் மேற்கு அட்லாண்டிக்கிலும் கரீபியன் கடலிலும் 6,100 தடவைக்கு மேல் வலையிழுத்து, 64,000-க்கு மேற்பட்ட துணுக்குகளை எண்ணினார்கள். 2010-இல் அக்கணக்கு 'சயன்ஸ்' என்னும் உலகப் புகழ்பெற்ற ஆய்விதழில் வெளிவந்தது.

அது காட்டியது என்ன? குப்பை மிகுதியாகச் சேர்ந்தது கரையோரத்தில் அன்று. நீரோட்டங்கள் சுழன்று கூடும் நடுக்கடலில். இன்னொரு வியப்பு: உலகில் பிளாஸ்டிக் உற்பத்தி பெருகியும், அங்கே வலையில் சிக்கிய அளவு அந்த 22 ஆண்டுகளில் கூடவில்லை. மிச்சம் எங்கே போயிற்று? பொடிந்து வலைக்கண்ணில் நழுவியதா? உயிரினங்கள் விழுங்கினவா? ஆழத்தில் அமிழ்ந்ததா? ஒரு கணக்கு, அடுத்த ஆராய்ச்சிகளுக்கு வழி திறந்தது.

தோட்டத்தில் பால் நிறுக்கும்போது கிராணியார் கணக்கெழுதுவதை அறிவீர்கள். ஒரு நாள் கணக்கு அன்றைய கூலியைச் சொல்லும். பல ஆண்டுக் கணக்கு மரத்தின் நிலையையே சொல்லும். விஞ்ஞானமும் அப்படித்தான்.

பெற்றோர்களே, நேரான பக்கமுள்ள ஒரு காலி டின்னை முற்றத்தில் வையுங்கள். காலைதோறும் ஒரே நேரத்தில் அதிலுள்ள மழைநீரைப் பிள்ளை அடிக்கோலால் அளந்து, தேதியோடு எழுதிவைத்து, டின்னைக் காலி செய்யட்டும். மழையில்லாத நாளில் சுழியம் எழுதத் தவறக் கூடாது. கப்பலேறிய மாணவர்கள் பழகியதும் இதே பாடந்தான்.